மலைப்பக்கம் மோதியவர்

எங்கே போனாலும் அவர் செருப்பை வாசலைப் பார்க்கத் திருப்பித்தான் விடுவார். கல்யாண மண்டபம், கோயில், இழவு வீடு, எங்கள் வாசகசாலை, எதுவானாலும் சரி. கழற்றுவார், குனிவார், இரண்டையும் கையால் திருப்பி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். குனிய முடியாத வயதில் கால் கட்டைவிரலால் திருப்பினார். வந்தவரின் செருப்பு புறப்படத் தயாராக நிற்பது வீட்டுக்காரருக்கு மரியாதை இல்லை என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"வண்டிய நிறுத்தறப்பவே மூஞ்சிய ரோட்டுப் பக்கம் வெச்சுக்கோணுமுங்க சார். அவசரத்துல ரிவர்ஸ் எடுக்கறவன் எதையாவது ஏத்திப்புடுவான்" என்றார்.

முப்பது வருடத்துக்கு மேல் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே தனியார் பஸ் ஓட்டியவர். மாரமங்கலம் வண்டியும் சில காலம் ஓட்டினார். மலையில் எல்லாருக்கும் அவர் டிரைவர். எங்கள் வாசகசாலையின் உறுப்பினர் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. அதைப் படித்தவன் நான் ஒருவன்தான். அவர் இப்போது இல்லை. போன மழைக்காலத்தில் போய்விட்டார். கேட்காமல் பெயரை வெளியில் விடுவது முறையல்ல என்பதால் நானும் டிரைவர் என்றே எழுதுகிறேன்.

முறையைப் பற்றி நான் அடிக்கடி பேசுவேன். அதற்குக் காரணம் உண்டு. சங்கங்களைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தேன். மற்றவர்கள் நடத்திய கூட்டங்கள் செல்லாது என்று அறிவிப்பதுதான் என் தொழில். முன்னறிவிப்பு போதாது, வருகைக் கையெழுத்து குறைவு, தீர்மானத்தை வழிமொழிந்தவர் உறுப்பினரே அல்ல. இப்படி எத்தனையோ பேருடைய உற்சாகத்தை ஒரு வரியில் அணைத்திருக்கிறேன். ஓய்வு பெற்று மலைக்கு வந்ததும் ஏரிக்குப் பக்கத்து வாசகசாலைக்கு என்னைத் தலைவராக்கினார்கள். செயலாளர் தன் மகனோடு இருக்கப் பெங்களூருக்குப் போய்விட்டதால் நடவடிக்கைப் புத்தகமும் என் கைக்கு வந்தது.

காலையில் முதல் பஸ்ஸில் பத்திரிகை வரும். பத்து மணிக்கு வாசித்து முடித்திருப்போம். பதினோரு மணிக்கு உலகத்தைச் சரிசெய்வோம். ஒன்பது பேர், எல்லாரும் ஓய்வு பெற்றவர்கள், மளிகைக் கடை ஹனீபா பாய் ஒருவர் நீங்கலாக. அவர் கடையை மருமகனிடம் விட்டுவிட்டு டீ ஃபிளாஸ்கோடு வருவார். நான் தலைவரான பிறகு வாய்ச் சண்டைக்கு இடமில்லை. தீர்மானம், வழிமொழிதல், திருத்தம், வாக்கெடுப்பு. தலைவர் வாக்களிப்பதில்லை, இரு பக்கமும் சமமாக வந்தால் மட்டும் அவருக்கு ஒரு முடிவு வாக்கு. உலக விவகாரங்களில் நாங்கள் நிறைவேற்றிய தீர்மானங்கள் இரண்டு புத்தகங்களை நிரப்பியிருக்கின்றன. உலகம் எதையும் பின்பற்றியதாகத் தகவல் இல்லை.

டிரைவர் கதவோரத்து நாற்காலியில் உட்கார்வார். அதிகம் பேசமாட்டார். யார் எந்த யோசனையைச் சொன்னாலும் கடைசியில் அவரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்.

"சரிங்க, ஏறியாச்சு. எறங்கறது எப்படீங்க?"

ஏரியைத் தூர்வாரும் யோசனைக்கும் அதுதான். பாயின் பேத்திக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் அதைத்தான் கேட்டார். "யோவ் டிரைவரே, கல்யாணத்துல எறங்கறதுக்கு என்னய்யா வழி? நல்ல வாய் வெச்சுச் சொல்லு" என்று பாய் அதட்டினார். "பொண்ணு ஒரு வேலை கத்துக்கட்டுமுங்க பாய், அப்புறம் ஏறட்டும்" என்றார் இவர். அந்தப் பெண் இப்போது சேலத்தில் ஆசிரியை. மாப்பிள்ளையைப் பற்றி நான் எழுத மாட்டேன்.

*

அவருடைய விபத்து மலையில் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த வண்டி. பதினொன்றாம் கொண்டை ஊசி வளைவுக்கு மேலே பிரேக் போய்விட்டது. வண்டி நிறைய ஆட்கள், பாதிப் பேர் தலைச்சோலைப் பக்கத்து எஸ்டேட் வேலைக்காரர்கள். ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் பாறை. அவர் கியரைக் குறைத்தார். எல்லாரையும் கீழே உட்காரச் சொல்லிக் கத்தினார். பாறை வந்தது, மோதவில்லை. இன்னொரு பாறை வந்தது, அதையும் விட்டார். "மோதுய்யா, எதுலயாவது மோதித் தொலை" என்று கண்டக்டர் அலறியிருக்கிறார். அடுத்த திருப்பத்தில் மலைச்சரிவிலிருந்து மண் சரிந்து குவிந்து கிடந்தது. காலையில் ஏறும்போதே அவர் பார்த்து வைத்திருந்த குவியல். அதில் கொண்டுபோய் வண்டியைச் சொருகினார்.

அவருக்குக் கால் முறிந்தது. மாரமங்கலத்துப் பெண் ஒருத்திக்குக் கை ஒடிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புதான். இன்ஷூரன்ஸ்காரர் ஆஸ்பத்திரிக்கே படிவத்தோடு வந்தார். அதில் ஒரு வரி: மோதலுக்கான காரணம். இவர் "நிறுத்துவதற்காக" என்று எழுதினார். வேண்டுமென்றே மோதியதாக ஆகிவிடும், பிரேக் பழுது என்று மட்டும் எழுதுங்கள் என்று அந்த மனிதர் மன்றாடினார். "வேணும்னுதானுங்க மோதுனேன்" என்றார் இவர். அந்தப் படிவத்தின் நகலை நான் பின்னால் பார்த்திருக்கிறேன். என் வாழ்நாளில் பார்த்த படிவங்களில் உண்மையான பதில் இருந்தது அது ஒன்றில்தான்.

அந்தப் பெண்ணின் கை கூடிப் பல வருடம் ஆன பிறகும், மாரமங்கலம் போகும்போதெல்லாம் அவள் வீட்டுக்குப் போய் விசாரித்துவிட்டு வருவார். கை நன்றாகத்தானே இருக்கிறது, இன்னும் என்ன என்று கேட்டேன்.

"நல்லாத்தான் மோதுனேனுங்க. ஆனா ஒடைஞ்சது அந்தப் புள்ள கையுங்களே."

*

எங்கள் விவாதம் ஒரு தூரத்து நாட்டைப் பற்றியது. பெயர் எழுத மாட்டேன். பதிவு பெற்ற சங்கத்தின் நடவடிக்கைப் புத்தகத்தில் அயல்நாடுகளின் பெயர் வரக்கூடாது என்று நானே ஒரு விதி வைத்திருந்தேன். அதனால் அதை 'எதிர்நாடு' என்று குறிப்பிட்டோம். பக்கத்து நாட்டைத் துடைத்தெறிவேன் என்று அவ்வப்போது முழங்கும் நாடு அது. மலைக்கு அடியில் குடைந்த கூடத்தில் அணு எரிபொருளைச் செறிவூட்டிக்கொண்டிருந்தது. குண்டு செய்யத்தான் என்றார்கள் ஒரு சாரார். மின்சாரத்துக்கு என்றது அது. அடிக்கலாமா, பொறுக்கலாமா என்று பெரிய நாடுகள் யோசித்துக்கொண்டிருந்தன. நாங்களும் யோசித்தோம்.

அடிக்க வேண்டும் என்ற கட்சிக்குத் தலைவர் எங்கள் பேராசிரியர். கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர். காலண்டர் தாளின் பின்பக்கம் மலையை வரைந்து, அடியில் கூடத்தை வரைந்து, மேலிருந்து குண்டு இறங்குவதை அம்புக்குறி போட்டுக் காட்டினார். அவரை எளிதாக எண்ணிவிடக் கூடாது. அவர் பேச்சில் சாரம் உண்டு.

"அவன் கையில குண்டு வந்த பிறகு விவாதமே கிடையாது. அதுக்கப்புறம் அவன் என்ன செஞ்சாலும் எல்லாரும் வாயை மூடிக்கிட்டு இருக்க வேண்டியதுதான். இன்னிக்கு அடிச்சா சின்னச் சண்டை. நாளைக்கு விட்டா, அடிக்கவே முடியாத சண்டை. சும்மா இருக்கறதும் ஒரு முடிவுதான், டிரைவர். அதுக்கும் விலை உண்டு."

"நெசந்தானுங்க" என்றார் டிரைவர். "வண்டிய எடுக்காம ஷெட்டுலயே நிக்க வெக்கறது டிரைவர் வேலை இல்லீங்க."

"அப்ப அடிக்கலாம்கறீங்க?"

"வேற என்ன வழியெல்லாம் இருக்குதுன்னு சொல்லுங்க, கேப்போம்."

பேராசிரியர் வரிசையாகச் சொன்னார். முதலில் ரகசிய நாசவேலை. இயந்திரங்களுக்குள் ஏதாவது கோளாறைப் புகுத்திவிடுவது.

"டீசல் டாங்கில சர்க்கரை போடறதுங்க அது" என்றார் டிரைவர். "நாலு நாளைக்கு வண்டி நிக்கும். அப்புறம் டாங்கிக்குப் பூட்டுப் போட்டுக்குவான்."

கடல் வழியை மறிப்பது.

"ரோட்டுல கல்லை வெச்சாப் பின்னால வர்ற ஆம்புலன்சும் நிக்குமுங்களே."

உடன்படிக்கை போட்டு ஆய்வாளர்களை அனுப்பிப் பார்ப்பது. இதைச் சொல்லும்போதே பேராசிரியர் உதட்டைச் சுழித்தார். "பேசிக்கிட்டே தோண்டுவான்."

"தோண்டுவானுங்க. பிரேக் இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்கு மட்டும் எல்லா வண்டிலயும் பிரேக் நல்லா இருக்கும், எனக்குத் தெரியாதுங்களா? ஆனாலும் வருசத்துக்கு ஒருக்கா ஒருத்தன் வண்டிக்கு அடியில படுத்துப் பாக்கறான் பாருங்க, அது நொம்ப நல்லதுங்க."

"சரி, அடிச்சா?" என்றார் பேராசிரியர். "அதுக்கு என்ன உதாரணம் வெச்சிருக்கீங்க?"

டிரைவர் காலண்டர் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "கூடம் ஒடையும். ஒத்துக்கறனுங்க. நானே மோதுனவன், மோதறதே தப்புன்னு நான் சொன்னா சிரிப்பாங்க. ஆனா எங்க போய் நிக்கும்னு இதுல வரையலீங்களே. அவன் திருப்பி அடிப்பான். எங்க அடிப்பான்? அவனுக்கு எட்டற எடத்துல அடிப்பான்." தாளின் விளிம்புக்கு வெளியே மேசையில் விரலை வைத்தார். "இங்க."

விரல் வைத்த இடம் எதுவென்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். எதிர்நாட்டுக்கு நேர் எதிரே, கடலுக்கு இந்தக் கரையில் ஒரு துறைமுக நகரம். அங்கே ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் நர்ஸ் வேலை பார்த்தாள் அவருடைய ஒரே மகள். தாயில்லாப் பெண். அவர் அவளைப் பாப்பா என்பார். பாப்பாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது.

"மலைப் பாதையில ஏறுற வண்டிக்குத்தானே முதல் உரிமை, டிரைவர்? மத்தவன் ஒதுங்கித்தான் ஆகணும்" என்றார் பேராசிரியர், விடாமல்.

"ஆமாங்க. எதுத்தாப்புல எறங்கறவனுக்கு பிரேக் பிடிச்சா."

பாய் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது.

*

நான்கு நாள் நடந்தது இந்த விவாதம். நான்காம் நாள் அவருடைய கைபேசி அடித்தது. வாசகசாலைக்குள் மணி அடிக்கும், பேச்சு கேட்காது. கேட்டுக்கு வெளியே சில்வர் ஓக் மரத்தடியில்தான் சிக்னல். அவர் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். திருப்பிப் போட வேண்டிய வேலை இல்லை.

நான் தலைகளை எண்ணினேன். அடிக்கலாம் என்பவர்கள் பேராசிரியர், பாய், இன்னும் இருவர். வேண்டாம் என்பவர்கள் மூன்று பேர். டிரைவர் திரும்பி வந்தால் நாலுக்கு நாலு. நாலுக்கு நாலு என்றால் நான் கை தூக்க வேண்டும். அரசு வேலையில் நான் கற்ற முதல் பாடம் கை தூக்காமல் இருப்பது. கடைசிப் பாடமும் அதுதான். நடுவில் கற்றதை மறந்துவிட்டேன்.

"விவாதம் முடிந்தது. வாக்கெடுப்பு" என்றேன்.

நாலுக்கு மூன்று. எதிர்நாட்டின் அணு நிலையங்களைத் தாக்குவதே சரி என்ற தீர்மானம் நிறைவேறியது. இதில் ஒரு விதியையும் நான் மீறவில்லை. என் மேல் யாரும் குற்றம் சொல்ல முடியாதபடி குற்றம் செய்யும் பயிற்சி எனக்கு உண்டு.

டிரைவர் உள்ளே வந்தார். மூடுபனியில் தலை நனைந்திருந்தது.

"போர் அறிவிச்சாச்சு டிரைவரே. டீ ஆறுது, எடுத்துக்கங்க" என்றார் பாய்.

அவர் டீயைப் பார்க்கவில்லை. என்னிடம் வந்தார். "ஏனுங்க சார். பாப்பா பேசுனா. இன்னிக்குச் சாயங்காலம் ஃப்ளைட்டுல ஒரு சீட்டு இருக்குதாம். அங்க ஒரு மாதிரி பேசிக்கறாங்களாம். வந்துரட்டுமாப்பான்னு கேக்கறா. வந்தா வேலை போயிரும். வார்டுல ஆளும் இல்லீங்களாம். நீங்க படிச்சவரு. உடனே அடிச்சிருவானுங்களா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

"இதுக்கெல்லாம் ஒரு முறை இருக்கு டிரைவர். பேச்சுவார்த்தை முறிஞ்சதா முதல்ல அறிவிக்கணும். அவங்க சபையில வைக்கணும். தூதரகத்துல ஆளைக் குறைப்பாங்க. அந்தப் பக்கம் இருக்கற தங்கள் மக்களை வெளியேறச் சொல்லி அறிக்கை விடுவாங்க. அதுக்கப்புறம்தான் மத்தது. குறைஞ்சது ரெண்டு மாசம். நோட்டீஸ் இல்லாம எதுவும் நடக்காது."

"நெசமாலுமுங்களா?"

"நான் சொல்றேன்."

அவர் மறுபடி மரத்தடிக்குப் போனார். ஜன்னல் வழியே பார்த்தேன். "இரு கண்ணு, அவசரப்படாத" என்று சொல்லியிருப்பார். திரும்பி வந்து ஒரு வெள்ளைத் தாள் கேட்டார். தீர்மானத்தை மறுபரிசீலனை செய்யப் பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பது விதி. அந்த விதியைப் பற்றி நான் அவரிடம் சொன்னதே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, தொடை மேல் புத்தகத்தை வைத்து, பெரிய பெரிய எழுத்தில் அந்த முன்னறிவிப்பை எழுதி நீட்டினார்.

"சார், உங்க கை எந்தப் பக்கமுங்க?"

"தலைவருக்கு ஓட்டு கிடையாது, டிரைவர்."

"சமமா வந்தா உண்டுங்களே" என்றார். அவரும் எண்ணியிருக்கிறார்.

*

அதிலிருந்து நான்காம் நாள் அடித்துவிட்டார்கள். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும்போதே அடித்தார்கள். சபையில் வைக்கவில்லை. அறிக்கை வரவில்லை. நான் அடுக்கிய படிகளில் ஒன்றையாவது மிதித்து ஏறினார்களா என்று பத்திரிகையில் தேடினேன். இல்லை. மறுநாள் எதிர்நாடு தனக்கு எட்டிய இடத்தில் திருப்பி அடித்தது. துறைமுக நகரத்தின் விமான நிலையத்தை மூடினார்கள். பாப்பாவின் எண் அடிக்கவே இல்லை.

இரண்டு நாள் அவர் வாசகசாலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினார். செருப்பைக் கழற்றித் திருப்பி வைத்தார். நான் மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன், நல்ல வாக்கியம். அதற்கு இடமே கொடுக்கவில்லை.

"பாப்பா பேசிட்டாளுங்க. ஆஸ்பத்திரிக் கண்ணாடியெல்லாம் போயிருச்சாம். அவளுக்கு ஒண்ணுமில்ல." சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அதில் அவளுடைய பாஸ்போர்ட் விவரம் இருந்தது. "ஏறறப்ப உங்களக் கேட்டேன். எறங்கறதுக்கும் நீங்கதான் சார் வழி சொல்லோணும்."

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். வான்வழி இல்லை. துறைமுக நகரத்திலிருந்து தரைவழியாக அடுத்த நாட்டு எல்லைக்கு பஸ் விடுவதாகக் கேள்வி. அதற்குத் தூதரகத்தில் பதிய வேண்டும். பதிந்தவருக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் நுழைவு அனுமதி வேண்டும். அதற்கு ஆஸ்பத்திரியின் விடுவிப்புக் கடிதம் வேண்டும். ஆஸ்பத்திரி மாற்று ஆள் இல்லாமல் கடிதம் தராது. ஒவ்வொரு கதவும் இன்னொரு கதவின் சாவியைக் கேட்டது. எனக்குத் தெரிந்த உலகம் அது. எந்தப் படிவத்தை எந்தப் படிவத்துக்கு முன்னால் போட வேண்டும், எந்தக் குமாஸ்தாவிடம் கெஞ்சக் கூடாது, யாரிடம் விதியைக் காட்டி மிரட்ட வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஏழு நாள் பகலெல்லாம் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் இருந்தேன். அவர் எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு கடிதம் போனதும், "அடுத்த வளைவு என்னங்க சார்?" என்பார்.

நடுவில் ஒரு நாள் பாப்பாவே தயங்கினாள். வார்டில் பதினோரு குழந்தைகள் இருக்கின்றன, எப்படி விட்டுவிட்டு வருவது என்றாள். வா என்று அவர் கட்டளையிடுவார் என்று எதிர்பார்த்தேன்.

"ஆளு எறங்காம டிரைவர் எறங்கக் கூடாது கண்ணு. மாத்து ஆளு வரட்டும். ஆனா பேப்பர் எல்லாத்தையும் கையில வெச்சுக்க" என்றார். போனை வைத்த பிறகு என் வீட்டுத் தண்ணீர்ச் செம்பை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

*

பதினைந்தாம் நாள் கூட்டம். காலையில் ஒரு செய்தி வந்திருந்தது: மாற்று ஆள் வந்துவிட்டாள், இன்று பஸ். எந்த நேரமும் கூப்பிடுவாள். வீட்டில் இருங்கள், கூட்டத்தைத் தள்ளி வைக்கிறேன் என்றேன். மாட்டேன் என்றுவிட்டார்.

உள்ளே உட்கார்ந்தால் போன் பேச முடியாது. வெளியே போனால் முன்பு நடந்ததுதான். நான் எழுந்து நின்று, அறிவித்த இடத்திலிருந்து கூட்டத்தை மாற்ற வந்திருப்போர் அனைவரின் சம்மதத்தையும் கேட்டேன். யாருக்கும் புரியவில்லை; தலையாட்டினார்கள். நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு ஒன்பது கிழவர்களும் சில்வர் ஓக் மரத்தடிக்குப் போனோம். மூடுபனியில் எதிரே இருப்பவர் முகம் பாதிதான் தெரிந்தது. ரோட்டில் போன எஸ்டேட் ஜீப் ஒன்று நின்று பார்த்துவிட்டுப் போனது.

டிரைவரின் தீர்மானம் இரண்டு வரி. எந்த ராணுவ வழியை முன்மொழிபவரும், அது எங்கே போய் நிற்கும், நடுவில் மாட்டியவர்கள் எப்படி இறங்குவார்கள் என்பதையும் அதே தீர்மானத்தில் எழுத வேண்டும். எழுதாத தீர்மானத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது.

"அடிச்சு முடிச்சாச்சே டிரைவர், இனிமே இது எதுக்கு?" என்றார் ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர். முதல் முறை தாக்குதலுக்கு எதிராக வாக்களித்தவர் அவர்.

"அடுத்ததுக்குங்க."

பேராசிரியர் எழுந்தார். துறைமுகத்துச் செய்தி வந்ததிலிருந்து அவர் முகம் சரியில்லை. ஆனால் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அதை நான் மதிக்கிறேன். "கடைசியில எங்க நிக்கும்னு எழுத முடியற போர் எதுவுமே கிடையாது. இதை ஏத்துக்கிட்டா, நாளைக்கு உண்மையிலேயே அடிக்க வேண்டிய நேரத்துலயும் அடிக்க முடியாது. நம்ம கையை நாமே கட்டிக்கறோம்."

"கட்டலீங்க" என்றார் டிரைவர். "மண்ணுல சொருகுனா வண்டி நிக்கும்னு எனக்கும் முழுசாத் தெரியாதுங்க. நிக்காமப் போயிருக்கலாம். ஆனா ஏறறப்பவே ஒரு மண்குமியப் பாத்து வெச்சிருந்தேன். அதத்தானுங்க கேக்கறேன். பாத்தாவது வெய்யுங்க."

அப்போது போன் அடித்தது. டிரைவர் அதை ஸ்பீக்கரில் போட்டார்.

"பஸ்ல ஏறிட்டேன்ப்பா" என்று குரல் வெளியே கேட்டது. "எல்லைக்கு ரெண்டு மணி நேரமாம்."

"எங்க கண்ணு உக்காந்திருக்க?"

"டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி."

"எப்படி ஓட்டறான்?"

"மெதுவாத்தான்ப்பா ஓட்டறாரு. வெளிய தள்ளுமுள்ளு. இன்னும் நெறையப் பேரு ஏற முடியாம ரோட்டுலயே நிக்கறாங்கப்பா."

"சரி சாமி. தூங்கிப் போயிராத." போனை மடியில் வைத்தார். மூக்கை உறிஞ்சினார். பாய் அவர் தோளைத் தட்டி, "அதான் பாப்பா ஏறிட்டாளே, வாங்க, ஊட்டுக்குப் போலாம்" என்றார்.

"நிக்கறாங்கங்கறாளே பாய்" என்றார் டிரைவர். "ஓட்டு எடுங்க சார்."

ஆதரவாகக் கைகள் உயர்ந்தன. டிரைவர், முன்பு அவர் பக்கம் இருந்தவர்களில் இருவர், அப்புறம் ஹனீபா பாய். "என்னய்யா பாக்கறீங்க, எனக்கும் பேத்தி இருக்குல்ல" என்று எங்களை முறைத்தார் பாய். எதிராகப் பேராசிரியர், அவருடைய நண்பர்கள் இருவர், முடிந்த விஷயத்துக்குத் தீர்மானம் எதற்கு என்ற போஸ்ட்மாஸ்டர்.

நாலுக்கு நாலு.

டிரைவர் என்னைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தை ஒத்திவைக்க எனக்கு மூன்று வழிகள் தெரியும். மூன்றும் முறையானவை. ஒன்றைச் சொல்ல வாயைக்கூடத் திறந்தேன். பிறகு கையைத் தூக்கினேன். தீர்மானத்துக்கு ஆதரவாக.

"தூக்குன கை எறங்கறதுக்குள்ள எழுதிப்போடுங்க" என்றார் டிரைவர். "ஆபீசர் கை. நம்ப முடியாதுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் எழுதும் கையும் தூக்கிய கையும் எனக்கு ஒன்றுதான். இறக்கவும் மனமில்லை. நடவடிக்கைப் புத்தகம் என் மடியில் ஈரம் வாங்கிக்கொண்டிருந்தது. தோற்றுப்போன பேராசிரியர் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். புத்தகத்தை எடுத்து, என் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவி, முழங்காலில் வைத்து எழுதினார். 'சமநிலை. தலைவர் ஆதரவாக வாக்களித்தார். தீர்மானம் நிறைவேறியது.'

ஒரு வாரம் கழித்து டிரைவர் சேலத்துக்கு இறங்கிப் போய்ப் பாப்பாவை அழைத்து வந்தார். ஏறும் பஸ்ஸில் இருவரும் கடைசி சீட்டில் உட்கார்ந்து வந்ததாகக் கண்டக்டர் சொன்னார். அவர் அங்கே உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பேராசிரியர் அதன் பிறகு இரண்டு முறை போர்த் தீர்மானம் கொண்டுவந்தார். எங்கே போய் நிற்கும் என்ற இரண்டாவது பத்தியை எழுதி வரச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். முதல் பத்தியிலும் நிறைய அடித்தல் விழுந்திருப்பதாகக் கேள்வி.

இந்த வருடம் புத்தகத்தைச் சரிபார்க்க வந்த இளம் அதிகாரி அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார். கையெழுத்து வேறு. எழுதியவர் நிர்வாகி அல்ல. கூட்டம் நடந்த இடம் அறிவித்த இடம் அல்ல. இந்தப் பதிவு செல்லாது, உங்களுக்கே தெரியும் என்றார்.

தெரியும். இருக்கட்டும் என்றேன்.